கட்சிக்காரராக இருந்தே கட்சியை எழுதியவர்: லியு பின்யான்

1979 செப்டம்பரில், பெய்ஜிங்கிலிருந்து வரும் 'மக்கள் இலக்கியம்' மாத இதழில் ஒரு நீண்ட கட்டுரை வெளியானது. தலைப்பு: 'மனிதருக்கும் பேய்களுக்கும் நடுவே'. கதையும் கவிதையும் போடும் இதழ் அது. ஆனால் கட்டுரையில் இருந்தது ஓர் ஊழல் வழக்கு. சீனாவின் வடகிழக்கு மூலையில், ஹார்பின் நகருக்குப் பக்கத்தில் இருக்கும் பின்சியான் வட்டத்தில், நிலக்கரிக் கம்பெனி மேலாளராக இருந்த வாங் ஷௌஷின் என்ற பெண்மணி அரசுப் பணத்தில் 5 லட்சம் யுவானுக்கு மேல் சுருட்டியது எப்படி என்று அது விவரித்தது. எழுதியவர் லியு பின்யான். அந்த ஆண்டுதான் அவர் கட்சியின் அதிகாரபூர்வ ஏடான 'மக்கள் நாளிதழில்' சிறப்பு நிருபராகச் சேர்ந்திருந்தார். நாட்டின் முதன்மையான செய்தித்தாளில் சம்பளம் வாங்கும் நிருபர், தன் வாழ்நாளின் மிகப் பெரிய செய்தியைக் கொண்டுபோய் ஓர் இலக்கியப் பத்திரிகையில் போட்டது ஏன்?

இதற்குப் பதில் தெரிந்துவிட்டால் லியுவின் வாழ்க்கையில் பாதி புரிந்துவிடும். வெளிநாட்டுப் பத்திரிகைகள் அவரை அரசின் எதிர்ப்பாளராகவே அறிமுகம் செய்தன. பிற்காலத்துக்கு அது பொருந்தும். ஆனால் அவர் 19 வயதில் கட்சியில் சேர்ந்தவர். கட்சி இரண்டு முறை வெளியே தள்ளிய பிறகும் சோஷலிச லட்சியத்தைக் கைவிடாதவர். கட்சிக்கு எதிராக எழுதுகிறோம் என்ற எண்ணமே வெகுகாலம் அவருக்கு இல்லை. கட்சிப் பத்திரிகையாளன் கட்சியின் தவறை எழுதலாம், எழுதத்தான் வேண்டும் என்று நம்பினார். அந்த நம்பிக்கையை முப்பது ஆண்டுகள் சோதித்துப் பார்த்தார்.

லியு 1925 பிப்ரவரியில் சாங்சுன் நகரில் பிறந்து ஹார்பினில் வளர்ந்தார். அன்றைய ஹார்பின் ரஷ்யர்கள் போட்ட ரயில்பாதையால் உருவான ஊர். புரட்சிக்குத் தப்பிவந்த ரஷ்யர்களும் அங்கே ஏராளம். அவருடைய தந்தை ரயில்வேயில் வேலை பார்த்தவர், ரஷ்யாவில் சில காலம் இருந்துவிட்டு வந்தவர். மகனுக்கு ரஷ்யப் புரட்சியின் கதை புத்தகத்துக்கு முன்பே வீட்டில் கிடைத்தது. லியுவுக்கு ஆறேழு வயதாகும்போது ஜப்பானியப் படை மஞ்சூரியா என்ற அந்த வடகிழக்குப் பகுதியைப் பிடித்துக்கொண்டது. வறுமையால் ஒன்பதாம் வகுப்போடு பள்ளிப் படிப்பு நின்றது. மற்றதெல்லாம் சொந்தப் படிப்புதான், ரஷ்ய மொழி உட்பட. 1944-ல், இன்னும் ஜப்பானியர் வசம் இருந்த பகுதியில், தலைமறைவாக இயங்கிய கம்யூனிஸ்ட் கட்சியில் சேர்ந்தார். பிழைப்புக்காகவோ பதவிக்காகவோ சேர்கிற காலம் இல்லை அது. பிடிபட்டால் உயிர் போகும்.

1951-ல் 'சீன இளைஞர் நாளிதழில்' சேர்ந்தார். அது கட்சியின் இளைஞர் அமைப்பான இளைஞர் லீக்கின் ஏடு. அடுத்த ஆண்டே அந்த லீக்கின் தலைமைக்கு வந்தவர் ஹு யாவ்பாங். இந்தப் பெயரை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் மூன்று முறை வரும்.

லியு தொழிலுக்கு வந்த காலத்தில்தான் சீனப் பத்திரிகைகளின் விலங்கு ஒன்று முறையாகப் பூட்டப்பட்டது. 1953-ல் குவாங்சியில் யீஷான் பகுதியின் சிறிய கட்சி ஏடு ஒன்று, அந்தப் பகுதிக் கட்சிக் குழுவையே விமர்சித்து எழுதிவிட்டது. விவகாரம் மேலே போனது. மத்தியப் பிரச்சாரத் துறை மார்ச் மாதம் பதில் அனுப்பியது: கட்சி ஏடு என்பது அந்தந்தக் கட்சிக் குழுவின் கருவி, தன் குழுவோடு அது மோதக் கூடாது. கேட்க ஏதோ அலுவலக நடைமுறை போலத் தோன்றும். விளைவைப் பாருங்கள். மாகாண ஏடு மாகாணக் குழுவைத் தொட முடியாது. வட்டத்தில் நடக்கும் அநியாயத்தை அந்த ஊர் ஏடு எழுத முடியாது. யாருக்கு நன்றாகத் தெரியுமோ அவரே எழுதக் கூடாது என்பதுதான் விதி. நிருபர் கண்டுபிடித்தது 'உள்சுற்று' அறிக்கையாக அச்சாகி, மேலே உள்ள சில அதிகாரிகளின் மேசைக்குப் போகும். மேலிடத்துக்கு விஷயம் தெரியும், ஊருக்குத் தெரியாது.

இந்த மதிலில் ஒரு சந்து இருந்தது. சீன இடதுசாரிகளுக்கு 1930-களிலிருந்தே பழகிய எழுத்து வகை ஒன்று உண்டு. நிஜச் சம்பவத்தை நேரில் விசாரித்து, ஆனால் காட்சியும் உரையாடலும் பாத்திரமுமாகக் கதையின் விரிவோடு எழுதுவது. ரிப்போர்ட்டாஜ் என்று உலகம் சொல்கிற வகைதான். செக் நாட்டுப் பத்திரிகையாளர் எகோன் எர்வின் கிஷ் 1932-ல் சீனா வந்து போனது அதற்கு ஒரு தூண்டுதல். ஷாங்காயின் ஜப்பானிய மில்களில் கொத்தடிமைகளாக இருந்த சிறுமிகளைப் பற்றி ஷியா யான் 1936-ல் எழுதியது அதன் முதல் பெரிய சாதனை. அன்று இந்த வகையின் இலக்கு முதலாளியும் ஜப்பானியரும். 1949-க்குப் பிறகு இந்த எழுத்து இலக்கியச் சங்கத்தின் இதழ்களில் வந்தது. இலக்கிய இதழ் எந்த வட்டக் குழுவுக்கும் ஊதுகுழல் இல்லை. அதன் ஆசிரியருக்குத் துணிச்சல் இருந்தால், செய்தித்தாள் போட முடியாததை அது போடலாம். 1954-ல் சோவியத் எழுத்தாளர் வாலன்டின் ஓவெச்கின் சீனா வந்தபோது கூடவே மொழிபெயர்ப்பாளராகப் போனவர் லியு. கட்சி அதிகாரிகளின் அலட்சியத்தைப் பெயர் சொல்லாத குறையாக எழுதிக்கொண்டிருந்தவர் ஓவெச்கின். சோவியத் யூனியனில் முடிகிறதென்றால் இங்கே ஏன் முடியாது?

1956-ல் இரண்டு வந்தன, இரண்டும் 'மக்கள் இலக்கியம்' இதழில்தான். ஏப்ரலில் வந்த 'பாலம் கட்டும் இடத்தில்', மஞ்சள் ஆற்றின் மேல் பாலம் கட்டும் குழுவைப் பற்றியது. அதன் தலைவர் லுவோ லிசெங் திருடர் இல்லை, கொடுமைக்காரர் இல்லை. பழைய புரட்சிக்காரர், சிரித்த முகம். மேலே இருந்து தாள் வராமல் ஒரு கல்லைக்கூட நகர்த்த மாட்டார், அவ்வளவுதான். பெயர் வாங்க வேண்டாம், கெட்ட பெயர் வாங்காமல் இருந்தால் போதும் என்பது அவர் கொள்கை. வெள்ளம் ஏறி வரும்போதும் உத்தரவுக்குக் காத்திருக்கும் நிர்வாகத்தையும், காத்திருக்காமல் முடிவெடுக்கும் இளம் பொறியாளரையும் எதிரெதிரே நிறுத்துகிறார் லியு. என் கணக்கில் லியு எழுதியதிலேயே நுட்பமான பாத்திரம் இந்த லுவோதான். பிற்காலக் கட்டுரைகளின் வில்லன்களை வெறுத்துவிட்டு நகர்ந்துவிடலாம். லுவோவை அப்படித் தள்ளிவிட முடியாது. அரசு அலுவலகம் போய்வந்த யாருக்கும் அவரைத் தெரியும்.

ஜூனில் வந்த 'நம் பத்திரிகையின் உள்செய்திகள்' இன்னும் நேரடியானது. ஒரு மாகாணக் கட்சி ஏட்டில் வேலை செய்யும் இளம் பெண் நிருபர் ஹுவாங் ஜியாயிங் கட்சி உறுப்பினராக விண்ணப்பித்திருக்கிறார். பார்த்ததை எழுத முடியவில்லை. எழுத முடியாததைப் பற்றிப் பேசினால் உறுப்பினர் பதவி தள்ளிப்போகும். யீஷான் விதி ஒரு செய்தி அறைக்குள் மனிதர்களை என்ன பாடு படுத்துகிறது என்பதுதான் கதை, விதியின் பெயர் மட்டும் வராது.

அது 'நூறு பூக்கள் மலரட்டும்', குறைகளைத் தயங்காமல் சொல்லுங்கள் என்று மாவோ அழைத்த காலம். 1957 கோடையில் காற்று திரும்பியது. சுமார் 5,50,000 பேருக்கு 'வலதுசாரி' முத்திரை விழுந்தது. பாட்டாளி வர்க்கத்துக்காக எழுதுவதாக நினைத்துக்கொண்டிருந்த லியுவும் அதில் ஒருவர். கட்சியிலிருந்து நீக்கம், எழுதத் தடை, கிராமத்தில் உடலுழைப்பு. 1979 ஜனவரியில் முத்திரையின் கணக்கு முழுமையாகத் தீரும்வரை இருபத்திரண்டு ஆண்டுகள். 32 வயதில் உள்ளே போனவர் 54-ஐத் தொடும் நேரத்தில் வெளியே வந்தார்.

இந்த இடத்தில் மற்ற சிலரையும் சொல்லாமல் போவது நியாயமில்லை. கட்சியின் அன்றைய தலைமைத் தளமான யேனானில், கட்சி இன்னும் ஆட்சிக்கு வராத 1942-லேயே, தலைவர்களுக்கு ஒரு தரச் சாப்பாடு, தொண்டர்களுக்கு இன்னொரு தரமா என்று 'விடுதலை நாளிதழில்' கேட்டவர் வாங் ஷிவெய். 1947-ல் கட்சியே அவரைக் கொன்றது. 1991-ல் தவறு நடந்துவிட்டது என்று திருத்திக்கொண்டது. 'மக்கள் நாளிதழின்' ஆசிரியராக இருந்த டெங் துவோவை, செத்தவன் பத்திரிகை நடத்துகிறான் என்று மாவோ திட்டினார். 1966 மே மாதம் டெங் தற்கொலை செய்துகொண்டார். 'குவாங்மிங் நாளிதழின்' ஆசிரியர் சூ ஆன்பிங், நாடே கட்சியின் சொத்தாகிவிட்டதே என்று 1957-ல் கேட்டவர், 1966-ல் காணாமல் போனார். இவர்களோடு ஒப்பிட்டால் லியு உயிரோடு வந்தார்.

முதலில் அவரை அனுப்பியது ஷான்சி மலைப்பகுதிக்கு, 1958-ல், உற்பத்தியை ஒரே மூச்சில் பெருக்க மாவோ தொடங்கிய 'பெரும் பாய்ச்சல்' இயக்கம் உச்சத்தில் இருந்த நேரம். குடியானவர்களோடு ஒரே கட்டிலில் படுத்து, அவர்களோடு சேர்ந்தே எரு சுமந்த நாட்கள் என்று பின்னால் சொன்னார். ஊரில் குடிக்கத் தண்ணீர் தட்டுப்பாடு, மேலிடத்து உத்தரவு நீரூற்றுப் பூங்கா கட்டு என்கிறது. இறைச்சியைக் கண்ணால் காணாத ஊரில் மிருகக்காட்சிசாலை அமைக்கச் சொல்கிறது. தானியம் மலைபோல் குவிந்திருக்கிறது என்கிறது செய்தித்தாள், பக்கத்தில் படுத்திருப்பவன் பசிக்கிறது என்கிறான். இரண்டும் உண்மையாக இருக்க முடியாது. தாளை நம்புவதா ஆளை நம்புவதா என்ற திண்டாட்டம் தனக்குச் சட்டென்று தீரவில்லை என்று 1979 நவம்பரில் எழுத்தாளர் மாநாட்டிலேயே ஒப்புக்கொண்டார். முதலில் அவர் சந்தேகப்பட்டது தன்னைத்தான். கட்சி சொல்வது தப்பாக இருக்காது, நம் பார்வையில்தான் கோளாறு என்று நினைத்தார். அவருடைய நேர்மைக்கு எனக்குக் கிடைத்த பெரிய சான்று இந்த ஒப்புதல்தான்.

கலாச்சாரப் புரட்சிக் காலத்தை வேகமாகக் கடந்துவிடலாம். 1966-ல் முத்திரை நீங்கியது, சில மாதங்களில் திரும்ப விழுந்தது. 1969-ல் ஹெனான் மாகாணத்தில் அதிகாரிகளுக்கான உழைப்பு முகாமுக்கு அனுப்பப்பட்டார். மாவோ இறந்த பின், கட்சியின் அமைப்புத் துறைக்குத் தலைவராக வந்து, 'வலதுசாரி'களின் கோப்புகளை ஒவ்வொன்றாகத் திறந்து விடுவித்தவர் ஹு யாவ்பாங்.

இனி பின்சியான். வாங் ஷௌஷின் கைதானதும் வழக்கும் செய்தியாக வரலாம், வரவும் செய்தன. குற்றவாளி பிடிபட்டாள், நீதி வென்றது என்று முடிக்கிற வரை எந்தச் செய்தித்தாளுக்கும் சங்கடம் இல்லை. லியு ஊருக்குப் போய் வேறு கேள்வி கேட்டார். காசாளராக இருந்த ஒரு பெண் இத்தனை ஆண்டுகள் மாட்டாமல் இருந்தது எப்படி? கலாச்சாரப் புரட்சியின் கோஷ்டிச் சண்டையில் சரியான பக்கம் நின்று கம்பெனியின் தலைமைக்கும் அதன் கட்சிச் செயலாளர் பொறுப்புக்கும் வந்தவர் அவர். குளிர்காலத்தில் வெப்பநிலை மைனஸ் 30 வரை இறங்கும் ஊரில் நிலக்கரிதான் உயிர். எல்லாம் அரசு ஒதுக்கீடு. கடையில் போய் வாங்க முடியாது. யாருக்குக் கட்டிக் கரி, யாருக்குத் தூள், யார் வீட்டு வாசலுக்கு லாரி போகும், யார் நிற்க வேண்டும் என்பது வாங் கையில் இருந்தது. குழுச் செயலாளர் வீட்டுக்கு நல்ல கரி போனது. அதிகாரிகளின் பிள்ளைகள் கிராமத்துக்கு உழைக்கப் போக வேண்டிய காலம். கம்பெனி பெயரில் கிராமத்தில் ஒரு முகாமைக் காட்டி, அவர்களைப் பெயருக்குச் சேர்த்து, சீக்கிரமே ஊருக்குக் கூட்டிவர வழி செய்தார். கைமாறாகப் பதவி, அனுமதி, பாதுகாப்பு. பணம் அரிதாகத்தான் கைமாறியது. கட்டுரையின் கண்டுபிடிப்பே அதுதான். ஆளுக்கு ஆள் செய்துகொள்ளும் உதவிதான் அங்கே நாணயம். நாட்டில் தொழிலாளியின் சராசரி ஆண்டுச் சம்பளம் 600 யுவானை ஒட்டியிருந்த காலத்தில், அந்த நாணயத்தின் நிழலில் 5 லட்சம் சேர்ந்தது.

வேலியே பயிரை மேய்ந்த கதை என்று இதை முடித்திருக்கலாம். லியு ஒரு படி மேலே போனார். கம்யூனிஸ்ட் கட்சி எல்லாவற்றையும் கட்டுப்படுத்தியது, கம்யூனிஸ்ட் கட்சியை மட்டும் கட்டுப்படுத்தவில்லை என்று எழுதினார். வாங்கை உருவாக்கிய நிலைமைகள் அப்படியே இருக்கின்றன, கொண்டாட வேண்டாம் என்றும் எழுதினார். 1980 பிப்ரவரியில் ஹார்பினில் வாங் சுட்டுக்கொல்லப்பட்டார். அவரிடம் கரி வாங்கியவர்களில் பெரும்பாலோர் பதவியில் நீடித்தார்கள்.

கடிதங்கள் மூட்டை மூட்டையாக வந்தன. பெய்ஜிங்கில் லியுவின் வீட்டு வாசலுக்கே மனுவோடு ஆட்கள் வந்து நின்றார்கள். நாடெங்கும் அவரை 'நீலவானம் லியு' என்றார்கள். பழைய சீனக் கதைகளில் ஏழைக்கு நீதி வழங்கும் நீதிபதி பாவோவுக்குரிய பட்டம் அது. பத்திரிகையாளருக்கு இது பெருமைதான். நாட்டுக்குப் பெருமை இல்லை. நீதிமன்றமும் கட்சியின் புகார் அலுவலகமும் இருக்கும்போது நிருபரின் வீட்டு வாசலில் கூட்டம் சேர்கிறதென்றால், அந்த அலுவலகங்கள் என்ன செய்துகொண்டிருந்தன?

மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். பின்சியான் அடங்கிய ஹெய்லோங்ஜியாங் மாகாணத்தின் தலைமை, தகவல் பிழைகள் இருக்கின்றன என்று அவர் மேல் தொடர்ந்து புகார் அனுப்பியது. இந்த எழுத்து வகைக்கே அந்த ஆபத்து உண்டு. கதையின் விரிவோடு எழுதும்போது யாரும் கேட்காத உரையாடல் உள்ளே வரும், மனிதர்கள் வெள்ளையும் கறுப்புமாகப் பிரிவார்கள். லியு அதிலிருந்து எப்போதும் தப்பினார் என்று சொல்ல மாட்டேன். ஆனால் புகார் சொன்னவர்களுக்குத் தொல்லை கொடுத்தது பிழை அல்ல, சரியாக இருந்த பகுதிதான்.

1984 கடைசியில் கூடிய எழுத்தாளர் சங்க மாநாட்டில் பட்டியலை மேலிடம் திணிக்காமல் உறுப்பினர்களே வாக்களித்தபோது, முதுபெரும் எழுத்தாளர் பா ஜின்னுக்கு அடுத்து அதிக வாக்கு லியுவுக்குத்தான். துணைத் தலைவரானார். அடுத்த ஆண்டு 'இரண்டாவது வகை விசுவாசம்' வந்தது. முதல் வகை விசுவாசம் சொன்னதைச் செய்வது, கேள்வி கேட்காதது. அதற்குப் பதக்கம் உண்டு. இரண்டாவது வகை, தவறு என்று பட்டதைத் தலைமையிடமே சொல்வது. பஞ்சத்தைப் பற்றி மாவோவுக்கே எழுதிய நி யூஷியான், மாவோவுக்கும் குருஷ்சேவுக்கும் கடிதம் எழுதிச் சிறைக்குப் போன சென் ஷிசொங் ஆகிய இருவரின் வாழ்க்கையை வைத்து எழுதினார். படித்தவர்களுக்கு மூன்றாவதாக ஒருவரும் அதில் தெரிந்திருப்பார். சொல்லாமல் சொன்ன சுயசரிதை அது.

1986 டிசம்பரில் பல நகரங்களில் மாணவர்கள் தெருவுக்கு வந்தார்கள். 1987 ஜனவரியில் பொதுச் செயலாளர் ஹு யாவ்பாங் பதவியை இழந்தார். அதே மாதம் வானியல் அறிஞர் ஃபாங் லிஷி, எழுத்தாளர் வாங் ருவோவாங், லியு பின்யான் மூவரும் கட்சியிலிருந்து நீக்கப்பட்டார்கள். 1957-ல் கட்சிக்குள்ளேயே அவரைக் கண்டு விலகிப் போனவர்கள் அதிகம். இந்த முறை முன்பின் தெரியாதவர்களெல்லாம் ஆறுதல் கடிதம் அனுப்பினார்கள். மாறியது கட்சி அல்ல, வாசகர்கள்தான்.

1988 வசந்தத்தில் அமெரிக்கா போக அனுமதி கிடைத்தது. முதலில் லாஸ் ஏஞ்சலஸில் கற்பித்தார், பிறகு ஹார்வர்டில் பத்திரிகையாளர்களுக்கான நீமன் நல்கையில் இருந்தார். திரும்பிப் போகிற எண்ணத்தோடுதான் போனார். 1989 ஏப்ரலில் ஹு யாவ்பாங் இறந்ததிலிருந்து தொடங்கிய தியானன்மென் போராட்டம் ஜூன் 4 படுகொலையில் முடிந்தது. லியு பகிரங்கமாகக் கண்டித்தார், கதவு மூடிக்கொண்டது. ஆட்சி அதிக காலம் தாங்காது என்று அப்போது அவர் கணித்தது பலிக்கவில்லை. ஊருக்குப் போய்க் கட்டிலில் பக்கத்தில் படுத்துச் செய்தி கேட்டவருக்கு, நியூ ஜெர்சியில் உட்கார்ந்து வானொலிக்கு விமர்சனம் எழுதுவது பாதி கை இழந்த நிலைதான். அந்தக் காலத்து எழுத்தில் தகவல் குறைந்து தீர்ப்பு கூடுகிறது.

ஒரு விதிவிலக்கு உண்டு. 1998-ல் அமெரிக்கச் சீனவியல் அறிஞர் பெர்ரி லிங்க்கோடு சேர்ந்து அவர் எழுதிய நீண்ட மதிப்புரை. ஷென்ஜென் நகரப் பத்திரிகையாளர் ஹெ சிங்லியான் எழுதிய பொருளாதார நூலைப் பற்றியது. சந்தைச் சீர்திருத்தம் என்ற பெயரில் பதவியில் இருப்பவர்கள் பொதுச் சொத்தைத் தனிச் சொத்தாக மாற்றிக்கொண்டார்கள் என்பது நூலின் வாதம். உலகமே சீனாவின் வளர்ச்சி விகிதத்தைப் பாராட்டிக்கொண்டிருந்தபோது, கூலி கிடைக்காத தொழிலாளியையும் நிலம் இழந்த விவசாயியையும் பற்றி லியு பேசினார். அமெரிக்காவில் இருந்தபடி இடதுசாரியாக நீடித்தது புலம்பெயர்ந்த பலருக்கே பிடிக்கவில்லை. வாங் ஷௌஷினின் கரி லாரி பங்குச் சந்தைக்குள் நுழைந்திருப்பதை முதலில் அடையாளம் காண அவரைவிடப் பொருத்தமானவர் யார்?

நாடு திரும்ப விட்ட கோரிக்கைகளுக்குக் கடைசிவரை பதில் வரவில்லை. 2005 டிசம்பர் 5 அன்று, 80 வயதில், புற்றுநோயால் நியூ ஜெர்சியில் இறந்தார். ஐந்து ஆண்டுகளுக்குப் பிறகு அஸ்தியைப் பெய்ஜிங்கில் புதைக்க அனுமதி கிடைத்தது. கல்லறையில் பொறிக்க அவரே சொல்லியிருந்த வாசகத்துக்குக் கிடைக்கவில்லை.

1953-ன் விதியைச் சுற்றிப்போக அடுத்த தலைமுறை வேறு சந்து ஒன்றைக் கண்டுபிடித்தது. சொந்த மாகாணத்தைத் தொடக் கூடாது, சரி. அடுத்த மாகாணத்தைத் தொடலாமே? குவாங்சோவிலிருந்து வரும் 'தெற்கு வார இதழ்' 1990-களில் அப்படித்தான் நாடு முழுவதும் பெயர் வாங்கியது. அதன் சகோதர ஏடான 'தெற்கு மாநகர நாளிதழ்' 2003 ஏப்ரலில் சொந்த ஊரிலேயே கை வைத்தது. தங்கும் அனுமதிச் சீட்டு இல்லை என்று குவாங்சோ போலீஸ் பிடித்துப்போன சுன் ஷிகாங் என்ற இளைஞர் காவலில் அடித்துக் கொல்லப்பட்டதை அது வெளியிட்டது. இரண்டு மாதத்தில் அந்தப் பிடித்துவைக்கும் சட்டத்தையே மத்திய அரசு ரத்து செய்தது. மறு ஆண்டு மார்ச்சில் அந்த நாளிதழின் பொது மேலாளர் யூ ஹுவாஃபெங்குக்கு, ஊழல் குற்றச்சாட்டில், 12 ஆண்டு சிறை. மேல்முறையீட்டில் அது 8 ஆனது. அதற்கடுத்து, அடுத்த மாகாணத்தைப் பற்றி எழுதுவதற்கும் கட்டுப்பாடு வந்தது.